வாடகை வீட்டில் உடற்பயிற்சிக் கூடம்: தரை தாங்குமா, வீட்டுக்காரர் தாங்குவாரா, கீழ்வீடு தாங்குமா?

2024 ஜனவரி 8: ஒரு வாசகரின் கேள்வி

"வேளச்சேரியில் முதல் மாடி, ஒற்றைப் படுக்கையறை, மொத்தம் 450 சதுர அடி. வாடகை வீடு. நான் போய்க்கொண்டிருந்த ஜிம் தரைத்தளத்தில் இருந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்ததிலிருந்து திறக்கவில்லை. இனி வீட்டிலேயே அமைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. பார்பெல், 100 கிலோ தட்டுகள், பெஞ்ச், பார்பெல்லை ஏற்றி வைக்கும் ஸ்குவாட் ஸ்டாண்ட் வாங்கப் போகிறேன். ட்ரெட்மில் மட்டும் தவணையில். தரை இடிந்து விழுந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்."

ஜனவரி 8, இரவு

தம்பி, பணத்தை இப்போது எடுக்காதீர்கள். இஞ்ச் டேப்பை எடுங்கள். ஒலிம்பிக் அளவு பார்பெல் 2.2 மீட்டர் நீளம். தட்டு மாட்டாத வெறும் தண்டே 20 கிலோ. பத்துக்குப் பத்து அடி அறை என்றால் 3 மீட்டர் சொச்சம். கட்டிலும் பீரோவும் போக மிச்சமிருக்கும் இடத்தில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு பாதி திரும்பக்கூட முடியாது.

ஒன்பது ஆண்டுகளில் இது எனக்கு நான்காவது வாடகை வீடு. திருவான்மியூரில் இரண்டு, மடிப்பாக்கத்தில் ஒன்று, இப்போது பெரம்பூர். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நானும் அம்மாவும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறோம். இத்தனை முறை மூட்டை கட்டியதில் நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: வீட்டில் இருக்கும் இருவர் கூலிக்கு ஆள் வைக்காமல் மாடிப்படியில் இறக்க முடியாத எதையும் வாங்கக் கூடாது. உங்கள் ஒப்பந்தம் பதினோரு மாதம். நீங்கள் கேட்கும் ஸ்குவாட் ஸ்டாண்டுக்கு ஆயுள் முப்பது வருடம். இரண்டும் ஒத்துப்போகாது.

தரையைப் பற்றி நாளை எழுதுகிறேன். அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜனவரி 9

குடியிருப்புக் கட்டடங்களின் தளம் எவ்வளவு சுமைக்கு வடிவமைக்கப்பட வேண்டும் என்று ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரக் குறியீடு சொல்கிறது. வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. பத்துக்குப் பத்து அறை ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். துணியும் பாத்திரமும் நிறைத்த இரும்பு பீரோ, தண்ணீர் நிரம்பிய வாஷிங் மெஷின், கல்யாணத்துக்கு வந்து ஒரே அறையில் படுத்துக்கொள்ளும் பத்து உறவினர்கள், எல்லாவற்றையும் அந்தத் தளம் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய வீட்டில் 100 கிலோ இரும்பைப் பரவலாக வைத்தால் தளம் ஒன்றும் ஆகாது.

ஆபத்து எடையில் இல்லை, விழுவதில்தான் இருக்கிறது. திருவான்மியூரில் முதல் வீட்டில் என் டம்பெல்லின் திருகு தளர்ந்து 5 கிலோ தட்டு ஒன்று இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தது. கால் தப்பியது. டைல்ஸ் இரண்டாகப் பிளந்தது. அதே நிறத்தில் அந்த டைல்ஸ் இப்போது வருவதில்லை என்று சொல்லி, அறை முழுவதற்கும் புதிதாகப் போடும் செலவை வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். ஒரே ஒரு டைல்ஸுக்கு! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்றிலிருந்து குடிபோகும்போதே கேட்டுவிடுகிறேன்: கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் பரணில் இருக்கிறதா? இன்னொன்றும் செய்யுங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். "டொப்" என்று கூடான சத்தம் வரும் டைல்ஸுக்கு அடியில் கலவை பிடிக்கவில்லை என்று அர்த்தம். அங்கே எடை வைக்கக் கூடாது.

இடம் போதவில்லையென்றால் பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டில் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அறையைவிட அதிகம்.

(பிற்சேர்க்கை: பால்கனி பற்றிச் சொன்னதைப் பின்வாங்குகிறேன். டிசம்பர் குறிப்பைப் பார்க்கவும்.)

ஜனவரி 14, போகி

காலையில் பரணை ஒழித்தோம். மடிப்பாக்கத்தில் வாங்கிய மடக்கு பெஞ்ச் கிடைத்தது. மூன்று வருடமாக அதில் நான் படுத்ததே இல்லை. தரையில் படுத்து டம்பெல்லை மேலே தள்ளினால் முழங்கை தரையில் முட்டும் இடத்தோடு நின்றுவிடும். என் இடது தோளுக்கு அதுவே நல்லதாகப் போனது. தண்டால் எடுக்கவும் பெஞ்ச் வேண்டாம். கட்டில் ஓரத்தில் காலை வைத்துத் தண்டால் எடுத்தால் அது போதுமான கடினம். பக்கத்துத் தெருவில் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பட்டியல் போட்டு ஒரே நாளில் வாங்கினால் பாதிப் பொருள் அடுத்த போகிக்குப் பரணில் இருக்கும். முதல் மாதம் ஒரு பாய் மட்டும் போதும். தண்டால், பஸ்கி, ஒற்றைக்கால் பஸ்கி. எடை வேண்டுமென்றால் வீட்டில் இருக்கும் அரிசி மூட்டையைத் தூக்குங்கள். எது போதவில்லை என்று உடம்பே கேட்கும். கேட்டபின் வாங்குங்கள்.

ஜனவரி 17

"அரிசி மூட்டையைத் தூக்குவதெல்லாம் உடற்பயிற்சியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். கைப்பிடி கிடையாது, பிடிமானம் கிடையாது, உருண்டைக் கல். குனிந்து, முழங்கால் மேல் ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடுவார்கள். பளபளக்கும் தண்டு வருவதற்கு முன்னால் நம் ஊரில் பலம் என்றால் அதுதான்.

மாடி வீட்டில் கல்லைப் போட முடியாது. ஆனால் 20 லிட்டர் தண்ணீர் கேன் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நிரம்பினால் 20 கிலோவும் கேனின் எடையும். மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்கி எடுத்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் அலையும். அதைச் சமன் செய்ய வயிறும் முதுகும் படும் பாடு, அதே எடை இரும்பில் இருக்காது. மூடியை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள். ஈரமான டைல்ஸில் கேனோடு வழுக்கினால் இடுப்பு போய்விடும்.

அரிசி மூட்டை 26 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 5 சதவீத வரி வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் மாதா மாதம் அரிசி குறையக் குறைய மூட்டையின் எடையும் குறையும். அதனால் மாதத் தொடக்கத்தில் கனமான வாரம், கடைசியில் லேசான வாரம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஜனவரி 27

பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் கம்பி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

கதவில் சும்மா மாட்டித் தொங்கும் கம்பி என்று விளம்பரத்தில் வருகிறதே, அது நம் வீடுகளுக்கு ஒத்துவராது. வெளிநாட்டு வீடுகளில் கதவு நிலையைச் சுற்றிச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு ஒரு மரப்பட்டை இருக்கும். கம்பியின் கொக்கி அதன்மேல்தான் உட்கார்கிறது. நம் நிலை சுவர்ப் பூச்சோடு சமமாக இருக்கிறது. கொக்கிக்கு உட்கார இடமே இல்லை. நான் வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நமக்கு மிஞ்சுவது இரு பக்கமும் திருகி இறுக்கும் கம்பி. அதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிலையில் கதவு வந்து உட்காரப் படிபோல ஒரு வெட்டு இருக்கும். கம்பியின் ரப்பர் முனை முழுவதும் சமதளத்தில் படியாமல் பாதி அந்த வெட்டில் நின்றால் நழுவும். ரப்பரின் அகலத்தையும் நிலையின் தட்டையான பகுதியையும் அளந்துவிட்டு வாங்குங்கள். அதிகம் இறுக்கினால் பழைய நிலை விரிந்து சுவர் ஓரத்தில் கீறல் விழும். அதையும் பார்த்திருக்கிறேன்.

சுவரில் துளை போட்டு மாட்டலாமா என்றால், அறைகளுக்கு நடுவே இருக்கும் நாலரை அங்குலச் சுவரில் வேண்டவே வேண்டாம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் சம்மதித்ததை எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யலாம்.

என் வீட்டில் வேறொரு பிரச்சினையும் வந்தது. மிக அகலமான, உறுதியான நிலை வாசல் நிலைதான். அதில் கம்பியை மாட்டப் போனபோது அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். மஞ்சளும் குங்குமமும் வைக்கும் நிலையில் காலை மடக்கித் தொங்குவதா என்றார். எனக்கு வாதாடத் தோன்றவில்லை. அவர் வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துக் கோலமிடும் இடம் அது. படுக்கையறை நிலையில் மாட்டினேன்.

பிப்ரவரி 11

இது நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தே காலுக்கு நான் தொடங்குவேன். போன மாதம் கீழ்வீட்டு அக்கா படிக்கட்டில் நிறுத்தி, "உங்கள் வீட்டில் விடியற்காலையில் என்ன நடக்கிறது? அவர் இரவு வேலை முடித்து நாலரைக்குத்தான் வந்து படுக்கிறார்" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஃபோம் பாய் விரித்துத்தானே செய்கிறேன், டம்பெல்லைப் பூப்போலத்தானே வைக்கிறேன் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிறு மாலை அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர்கள் படுக்கையறையில் போய் உட்கார்ந்தேன். மேலே மகள் நான் எழுதிக்கொடுத்த வரிசைப்படி ஒவ்வொன்றாகச் செய்தாள். கைப்பேசியில் "இப்போது பஸ்கி", "இப்போது டம்பெல் வைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே செய்தாள்.

பஸ்கி கேட்கவே இல்லை. டம்பெல் வைத்தது மெல்லிய "டொக்". கயிறு தாண்டியபோது கூரையே அதிர்ந்தது. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். கயிறு தாண்டுவதை அந்த நிமிடமே விட்டுவிட்டேன். ஆனால் அக்கா, "இதுவும் இல்லை, இதைவிட மோசமான ஒன்று" என்றார். மகள் எல்லாம் முடித்துவிட்டு, "சரி, எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்கிறேன்" என்று டீப்பாயை இழுத்தாள். கர்ர்ர் என்று ஒரு சத்தம். இரும்புக்கால் டீப்பாய் மொசைக் தரையில் உரசும் சத்தம், கீழே கூரை முழுவதும் பரவி, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாமல். "அதுதான்!" என்றார் அக்கா.

இடம் ஒழிப்பதற்காக நான் தினமும் ஐந்தே காலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது அந்த டீப்பாய்தான். அவர் தூக்கத்தைக் கெடுத்ததில் உடற்பயிற்சிக்குப் பங்கே இல்லை.

பழைய ஹவாய் செருப்பை வட்ட வட்டமாக வெட்டி டீப்பாயின் நான்கு கால்களிலும் ஒட்டினேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும்கூட. இப்போது டீப்பாயை இழுப்பதில்லை, இரவே தூக்கி வைத்துவிடுகிறேன். நேரத்தையும் ஆறரைக்கு மாற்றிக்கொண்டேன். அக்கா கேட்கவில்லை, நானாகச் செய்தேன்.

தம்பி, உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி இதில் இருக்கிறது. எதையாவது வாங்குவதற்கு முன்பு ஒரு முறை கீழ்வீட்டில் உட்கார்ந்து உங்கள் வீட்டைக் கேளுங்கள்.

பிப்ரவரி 12

மேலே ஒரு திருத்தம். ஃபோம் பாய் பயனில்லை என்பதுபோல் எழுதிவிட்டேன். யோகாவுக்கும் முழங்காலுக்கும் நல்லதுதான். கனமான எடை அதன்மேல் இறங்கும்போது முழுவதும் நசுங்கி, அடியில் தரையைத் தொட்டுவிடுகிறது. அதனால் அதிர்வைத் தடுப்பதில்லை. நான் இப்போது வைத்திருப்பது மூன்றடுக்கு: அடியில் ரப்பர் விரிப்பு, நடுவில் 18 மில்லிமீட்டர் பிளைவுட், மேலே மறுபடி ரப்பர். நான்கடிக்கு மூன்றடி. ரப்பர் பாரிமுனையில் வெட்டி வாங்கினேன். வாடை தலையைச் சுற்ற வைக்கும். மொட்டைமாடியில் ஒரு வாரம் போட்டுவிட்டு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூக்கி அடியில் துடைக்க வேண்டும். ஈரம் தங்கினால் மொசைக்கில் கறை விழும், அதுவும் அட்வான்ஸில்தான் போய் நிற்கும்.

மார்ச் 3

பெரம்பூர் வீட்டைப் பார்க்க வந்த அன்று கூடத்துக் கூரையில் நான்கு இரும்புக் கொக்கிகள் இருந்தன. ஊஞ்சல் கொக்கிகள். எண்பதுகளில் கட்டிய வீடு; அன்றைக்குக் கூடத்தில் ஊஞ்சல் இல்லாமல் வீடு கட்டுவார்களா? ஊஞ்சல் போய்விட்டது, கொக்கிகள் நிற்கின்றன. பலகையின் அகலவாட்டில் இருக்கும் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே ஒன்றரை அடிக்குச் சற்று அதிகம். தோள் அகலத்துக்குக் கொஞ்சம் மேல். நாடாவோடு கூடிய மர வளையங்கள் இரண்டு வாங்கி மாட்டினேன்.

இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் வாங்கியவற்றில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. நாடாவை நீட்டினால் படுத்தபடி இழுக்கலாம், இறக்கினால் தண்டால், ஏற்றினால் தொங்கலாம். இரண்டு கிலோகூட இருக்காது. பிரித்தால் ஒரு துணிப்பைக்குள் போய்விடும். துளை இல்லை, சத்தம் இல்லை. உங்கள் வீட்டில் ஊஞ்சல் கொக்கியோ தொட்டில் கொக்கியோ இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

மின்விசிறிக் கொக்கியில் மட்டும் வேண்டாம். அது நாலைந்து கிலோ விசிறிக்காக வைத்தது.

மார்ச் 20

கட்டடப் பொறியாளர் ஒருவர் எனக்கு எழுதி, முந்தைய குறிப்பில் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னார். அவர் சொல்வது சரி. நாற்பது ஆண்டுப் பழைய கொக்கியை நம்பித் தொங்கச் சொன்னது தவறு.

பார்க்க வேண்டியவை: கொக்கியைச் சுற்றிக் கூரையில் பழுப்புக் கறையோ கீறலோ இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது, தொடவே கூடாது. சங்கிலி உரசி உரசிக் கொக்கியின் வளைவு தேய்ந்திருக்கும். விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கொக்கி கான்கிரீட் போடும்போதே கம்பியோடு கட்டி வைத்ததா, பிறகு துளைபோட்டுச் செருகியதா என்று வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். செருகியது என்றால் கூடாது. தொட்டில் கொக்கி குழந்தையின் எடைக்கு. நான் அதையும் சேர்த்துச் சொன்னது பிழை, நீக்கிக்கொள்ளுங்கள்.

நான் கோணியில் தண்ணீர் கேன்களைக் கட்டி 40, 60, 80 கிலோ என்று தொங்கவிட்டுப் பார்த்திருந்தேன். சும்மா தொங்கும் எடையும் ஆடி இழுக்கும் எடையும் ஒன்றல்ல என்று அவர் விளக்கினார். அவர் நேரில் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கால் தரையில் இருக்கும் பயிற்சிகளை மட்டும் செய்தேன். இப்போதும் ஆடுவதில்லை. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்குகிறேன்.

மே 9

கத்திரி வெயில். ஆறரைக்கே வியர்வை தரையில் சொட்டுகிறது. மேல்தளம் இல்லாத மாடி என்பதால் கூரை இரவெல்லாம் அனல் கக்குகிறது. எடையைக் குறைத்துவிட்டேன், இடைவெளியை நீட்டிவிட்டேன், மோரில் உப்புப் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை வாங்கியவர்கள் கவனியுங்கள். ஜன்னல் கம்பியில் தொங்கவிட்ட என் பட்டை நேற்று இழுக்கும்போது அறுந்து கன்னத்தில் அடித்தது. கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே. இயற்கை ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் நுண்ணிய வெடிப்பு விடும். இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். முகப்பவுடர் தூவி மூடிய டப்பாவில், இருட்டில் வையுங்கள்.

சைக்கிள் டியூப் போதாதா என்று கேட்டவருக்கு: காலுக்குக் கீழே மிதித்து இழுக்கப் போதும். முகத்துக்கு நேரே வரும் எந்தப் பயிற்சிக்கும் வேண்டாம்.

மே 10

அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த கர்லாக்கட்டை (தோளைச் சுற்றிச் சுழற்றும் கனமான மரக்கட்டை) பற்றி எழுத மறந்துவிட்டேன். அதைக் கூடத்தில் சுற்ற முடியாது. மேலே மின்விசிறி, பக்கத்தில் தொலைக்காட்சி. மொட்டைமாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது. ஞாயிறு மட்டும் வாங்கிக்கொள்கிறேன். துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே பத்தடிச் சதுரம் காலியாக இருந்தால் போதும். அப்பா சுற்றும்போது காற்றில் ஒரு ஒலி வரும். எனக்கு இன்னும் வரவில்லை.

ஜூலை 21

அம்மாவுக்கு 71 வயது. பல ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நான் எடை தூக்க ஆரம்பித்ததற்கு உண்மையான காரணம் அதுதான். இத்தனை நாளாகச் சொல்லவில்லை. மாவுக்கட்டோடு அவர் உட்கார்ந்திருந்த அந்த ஆறு வாரமும் என் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்கிறது. நாமோ 65 தாண்டினால் "சும்மா உட்காருங்கள்" என்கிறோம்.

பிப்ரவரியிலிருந்து அம்மா என்னோடு கூடத்துக்கு வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது. முதல் வாரம் மூன்று முறை. இப்போது பன்னிரண்டு. சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பது, வளையத்தைப் பிடித்துச் சாய்ந்து தன்னை இழுத்துக்கொள்வது. நேற்று அவரே தண்ணீர் கேனைச் சாய்த்துக் குடத்தில் ஊற்றினார். நான் ஓடிப்போவதற்குள் ஊற்றி முடித்துவிட்டார்.

செப்டம்பர் 15

கேள்வி கேட்ட தம்பி இப்போதுதான் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். ட்ரெட்மில் வாங்கிவிட்டாராம். 58 கிலோ, நான்கு பேர் தூக்கினார்களாம். ஓடினால் கீழ்வீடு கத்துகிறது, நடந்தால் ஒன்றுமில்லை. இன்னும் ஏழு தவணை பாக்கி.

தம்பி, விற்காதீர்கள், நடங்கள். சரிவை ஏற்றிக்கொண்டு வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். கால் எப்போதும் பட்டையிலேயே இருப்பதால் குதித்து விழும் அதிர்ச்சி கீழே போகாது. அடியில் நான் சொன்ன மூன்றடுக்கு வையுங்கள். மீதிப் பணத்தில் பார்பெல் வேண்டாம். திருகு டம்பெல் தண்டு இரண்டும் வார்ப்பிரும்புத் தட்டு 30 கிலோவும் வாங்குங்கள். சிமெண்ட் நிரப்பிய பிளாஸ்டிக் தட்டு மலிவுதான். ஆனால் அதே எடைக்கு இரட்டிப்புத் தடிமன், குட்டைத் தண்டில் நான்குக்கு மேல் ஏறாது. ஓடு விரிந்தால் உள்ளே இருப்பது தரையில் கொட்டும்.

எட்டு முறை தூக்க முடியும் எடையில் தொடங்கி, பன்னிரண்டு வந்ததும் இரண்டரைக் கிலோ கூட்டுங்கள். எடை தீர்ந்துபோனால் இறக்கும் நேரத்தை நான்கு எண்ணிக்கைக்கு நீட்டுங்கள், அல்லது இரண்டு காலில் செய்வதை ஒற்றைக் காலில் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் திருகை இறுக்குங்கள். என் டைல்ஸை மறக்காதீர்கள்.

டிசம்பர் 5

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஐந்து நாளாகிறது. அந்த மழையில் எங்கள் பக்கத்துக் கட்டடத்தின் பால்கனி அடிப்பகுதி பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. உள்ளே கம்பி கறுத்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. ஜனவரியில் பால்கனியில் எடை வைக்கலாம் என்று குறியீட்டு எண்ணைக் காட்டி எழுதினேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன். குறியீடு சொல்வது புதிதாகக் கட்டும்போது இருக்க வேண்டிய பலம். முப்பது மழைக்காலம் நனைந்த, ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் உள்ள பால்கனிக்கு அந்த எண் உத்தரவாதம் அல்ல. எடையை அறைக்குள், சுவரோரமாக வையுங்கள். அந்தக் குறிப்பின் கீழேயும் எழுதிவிட்டேன்.

துரு: திருவான்மியூரில் கடற்காற்றில் என் தட்டுகள் ஒரே மழைக்காலத்தில் சிவந்துபோயின. தேங்காய் எண்ணெய் தடவினேன். பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்தது, மார்கழிக் குளிரில் உறைந்தது. தையல் இயந்திர எண்ணெயை மாதம் ஒருமுறை துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். கைப்பிடியில் மட்டும் தடவாதீர்கள், வழுக்கும்.

டிசம்பர் 22

வீட்டுக்காரரின் மகன் ஊர் திரும்புகிறார். ஜனவரி கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

மகளும் நானும் நேற்று ஒத்திகை பார்த்தோம். தட்டுகள் இரண்டு துணிப்பைகளில், ஆளுக்கு ஒன்று. டம்பெல் தண்டுகள், வளையங்கள், பட்டைகள், கதவுக் கம்பி எல்லாம் ஒரே பையில். பிளைவுட்டும் ரப்பரும் இருவராகப் பிடித்து இரண்டு நடை. மொத்தம் நான்கு நடையில் கூடம் காலி. ரப்பருக்கு அடியில் மொசைக் பளிச்சென்று இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, படமும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கர்லாக்கட்டையை அம்மா தானே மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவாராம்.

கீழ்வீட்டு அக்கா வந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். போகும்போது, முழங்காலுக்கு அந்தப் பட்டையில் ஏதாவது செய்யலாமா என்று கேட்டார். பச்சைப் பட்டை ஒன்றைக் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவதைக் காட்டிக்கொடுத்தேன். முழங்கால் வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

புது வீடு கொளத்தூரில், முதல் மாடி. கூரையில் கொக்கி இல்லை. படுக்கையறை நிலை 31 அங்குலம், தட்டையான பகுதி இரண்டேகால் அங்குலம். கம்பியின் ரப்பர் முனை இரண்டரை. கால் அங்குலம் இடிக்கிறது. குளியலறை நிலையை நாளை அளக்கிறேன்.